காதல் கதை எழுதுகிறவர்களின் பகல்பொழுது

சங்கரன்கோவிலில் பூக்கட்டும் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. மல்லிகையும் பிச்சியும் சந்தையிலிருந்து வந்து திண்ணையில் குவிந்ததும் நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கட்டுவதற்கு இரண்டு கைகளும் வேண்டும். புத்தகத்தைப் பிடிக்கக் கை மிஞ்சாது. ஆகவே ஒருத்தி மட்டும் நாரைத் தொடாமல் மாத நாவல் ஒன்றை உரக்க வாசிப்பாள், மற்றவர்கள் கட்டிக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிறவளுக்கு அன்றைய கூலியில் பங்கு உண்டு என்று என் அத்தை சொல்லியிருக்கிறாள். அத்தைதான் பெரும்பாலும் வாசிப்பவள். கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடிக்கும் இடம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். உள்ளே தாத்தா இருப்பார்.

அந்த நாவல்களைக் குறித்து எனக்கு அன்று பெரிய இளக்காரம். இலக்கியம் என்றால் வேறு எதுவோ என்று நம்பத் தொடங்கிய வயது. இடைசெவல் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எங்கள் கரிசலை எழுதிக் காட்டியிருக்க, அத்தையின் நாவல்களில் வந்தவர்களோ பங்களாவில் வசித்தார்கள், காரில் கொடைக்கானல் போனார்கள். கரிசல் வெயிலில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் கேட்கிறார்கள் என்று எரிச்சலாக இருக்கும். வெயிலில் உட்கார்ந்திருந்ததனால்தான் கேட்டார்கள் என்பது புரிய எனக்கு வெகுநாள் பிடித்தது.

இப்போது இதை எழுதக் காரணம், சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது சந்தித்த ஒருவர். அதே ஊரில், விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெரு ஒன்றில், அலைபேசியிலேயே காதல் தொடர்கதைகள் எழுதிக்கொண்டிருக்கிறார். புனைபெயரில்தான். பெயர் வேண்டாம் என்றார், நானும் சொல்லவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து, தறி ஓடத் தொடங்குமுன் ஓர் அத்தியாயம் எழுதிவிடுகிறார். பிறகு சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்கு மருந்து. பதினொரு மணிக்கு அலைபேசியைத் திறந்தால் காலையில் போட்ட அத்தியாயத்துக்கு வந்த பதில்கள் காத்திருக்கும்.

"எழுதுதது ஒரு மணி நேரம்னா, பதில் சொல்லுதது மூணு மணி நேரம் அண்ணாச்சி. பதில் சொல்லலன்னா தலக்கனம்பாங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் என்னைக் கொஞ்சம் பின்னோக்கி அனுப்பியது. எழுதுகிறவர்களுக்கு இடைஞ்சல் புதிதல்ல. ஜேன் ஆஸ்டின் சாட்டன் வீட்டின் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதினார் என்றும், யாராவது வந்தால் தாளை மறைத்துவிட ஏதுவாக, கிறீச்சிடும் கதவைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும் அவருடைய மருமகன் எழுதிய நினைவுநூல் சொல்கிறது. கதவின் சத்தம் அவருக்குக் காவல். 1929இல் வெர்ஜீனியா உல்ஃப் பெண் எழுத வேண்டுமானால் தனியறையும் வருமானமும் வேண்டும் என்றார். அது தமிழிலும் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுத் தேய்ந்துவிட்டது. ஆனால் தமிழில் காதல் கதை எழுதிப் பெரும் வாசகக் கூட்டத்தைச் சேர்த்த பெண்களில் எத்தனை பேருக்குத் தனியறை இருந்தது? அறை இல்லாத இடத்தில் வேறு ஏதோ ஒன்று அவர்களுக்கு அறையாக இருந்திருக்க வேண்டும். அது எது என்பதுதான் என் கேள்வி.

வை. மு. கோதைநாயகி அம்மாளிலிருந்து தொடங்கலாம். 1901 டிசம்பரில் பிறந்தவர். ஐந்து வயது கடந்ததும் திருவல்லிக்கேணி வை. மு. குடும்பத்துப் பார்த்தசாரதிக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் ஆரம்பித்தது அவருடைய இலக்கிய வாழ்க்கை. கதை வாயில் வந்தது, கை ஓடவில்லை. பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து எழுத, இவர் சொல்லச் சொல்ல உருவானதுதான் 'இந்திரமோகனா' நாடகம், 1924இல் அச்சேறியது. மறு ஆண்டே, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் யோசனைப்படி 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை வாங்கி நடத்தத் தொடங்கினார். 'வைதேகி' அதில் தொடராக வந்தது. அதற்குப் பிறகு நின்றதே இல்லை: 30 ஆண்டுகளுக்கும் மேல் பத்திரிகை, 115 நாவல்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவதுதான் நம் வழக்கம். கொஞ்சம் நின்று அந்தப் பெண்மணியின் ஒரு நாளை நினைத்துப் பார்க்கலாம். கூட்டுக்குடும்பம். ஒரு மகன். பத்திரிகைக்கு ஆசிரியர் அவரே, உரிமையாளர் அவரே, அதிகம் எழுதுபவரும் அவரே. பின்னாளில் சொந்த அச்சகமும் சேர்ந்துகொண்டது. இடையில் மேடைக் கச்சேரி, பிரசவம் பார்ப்பது, காங்கிரஸ் கூட்டங்களில் பேச்சு. 1925இல் காந்தியைச் சந்தித்தபின் பட்டும் நகையும் போய்க் கதர் வந்தது. 1932இல் மறியல் செய்து சிறைக்குப் போனார், சிறையிலும் எழுதினார். சிறையில் எழுதினார் என்பதைத் தியாகமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டுவேலை இல்லாத, அச்சுக்கூடத்து ஆள் வந்து நிற்காத சில மாதங்கள் அவருக்கு வாழ்க்கையில் அப்போதுதான் கிடைத்திருக்கும் என்று எனக்கு ஒரு குறும்பான எண்ணம் உண்டு.

அவர் பிறந்த அதே 1901இல், ஐந்து மாதங்களுக்கு முன், இங்கிலாந்தில் பார்பரா கார்ட்லண்ட் பிறந்தார். 700க்கும் மேற்பட்ட புத்தகங்கள். பெரும்பாலும் காதல் நாவல்கள். அவரும் எழுதவில்லை, சொன்னார். சோபாவில் படுத்துக்கொண்டு, வெந்நீர்ப் பையும் நாய்க்குட்டியும் பக்கத்தில் இருக்க, அவர் சொல்வதைச் செயலாளர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்வார். இருவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்திருக்க வழியே இல்லை. ஒருத்திக்குச் சம்பளம் வாங்கும் செயலாளர், இன்னொருத்திக்குத் தோழி. சொல்லும் கதைக்கு எதிரில் ஒரு செவி இருந்தது என்பது மட்டும் பொது.

கோதைநாயகி அம்மாள் 1960இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே மகனைப் பறிகொடுத்த பின் அவருடைய உடல் தேறவேயில்லை.

அடுத்த தலைமுறையில் லக்ஷ்மி (டாக்டர் திரிபுரசுந்தரி). சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது குடும்பத்தால் பணம் அனுப்ப முடியாத நிலை வந்தது. ஆனந்த விகடன் வாசனைப் போய்ப் பார்த்து, கதை எழுதிச் சம்பாதித்துப் படிப்பை முடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 'பெண் மனம்', 'மிதிலா விலாஸ்' போன்ற நாவல்களை உருகி உருகிப் படித்த பெண்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்? பகலில் உடற்கூற்றுப் பாடம், இரவில் காதல். ஒன்று மற்றதற்குக் கட்டணம் செலுத்தியது. எது இடைஞ்சல், எது வேலை என்று அவரால்கூடப் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. 1955இல் கணவருடன் தென்னாப்பிரிக்கா போய் 1977இல்தான் திரும்பினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து சென்னைக்குக் கடிதம் வர எத்தனை நாள் ஆகியிருக்கும்! இங்கேதான் என் கேள்விக்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். தனியறை இல்லாத இந்தப் பெண்களுக்கு அறையாக இருந்தது தபால் தாமதம். வீடு எவ்வளவு நெருக்கினாலும் வாசகர் நெருக்கவில்லை. அத்தியாயம் கையைவிட்டுப் போய், அச்சாகி, ஊர் ஊராகச் சென்று, படிக்கப்பட்டு, அழப்பட்டு, ஒரு கார்டில் எழுதப்பட்டு, சிவப்புப் பெட்டியில் விழுந்து திரும்பி வருவதற்குள் அடுத்தடுத்த அத்தியாயங்கள் எழுதப்பட்டிருக்கும். வாசகரின் கண்ணீர் எப்போதும் பிந்தியே வந்தது.

ஆண் எழுத்தாளர் ஒருவரின் உதாரணத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற பெயரில் கல்கியில் எழுதிய 'குறிஞ்சி மலர்' தொடரைப் படித்த பெற்றோர், பிறந்த குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவிலேயே அந்த வயதில் ஓர் அரவிந்தன் இருந்தார், பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை. கதையில் அரவிந்தன் இறந்துவிடுகிறான். அந்த நாட்களில் அரவிந்தனைச் சாகடிக்காதே என்று ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் பேர் சொல்லும் வழி இருந்திருந்தால், நா.பா. என்ன செய்திருப்பார்? பிடிவாதக்காரர், சாகடித்தேயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யோசித்திருப்பார்.

மாத நாவல் வந்தபோது இந்த நிலைமை இன்னொரு விதத்தில் மாறியது. 1960களின் இறுதியில் 'ராணி முத்து', பிறகு 'மாலைமதி', 'கண்மணி' என்று வரிசையாக வந்தன. பேருந்து நிலையக் கடைகளில் கொடியில் துணி காயப்போட்டதுபோல் கிளிப் மாட்டித் தொங்கின. விலை மலிவு, பக்கம் அளவானது, ஒரே மூச்சில் ஒரு முழுக்கதை. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இதை வணிகம் என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எழுதுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு பெரிய விடுதலை இருக்கிறது: முதல் வரியை யாரேனும் படிக்குமுன் கடைசி வரி எழுதப்பட்டுவிடுகிறது. நடுவில் புகுந்து பேச வாசகருக்கு இடமே இல்லை. 1938இல் பிறந்த ரமணிசந்திரன் 150க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, தமிழில் மிக அதிகமாகப் படிக்கப்படுபவர்களில் ஒருவரானது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான். அவருடைய கதைகளில் முடிவு மாறுவதில்லை. ஊடலுக்குப் பின் கூடல். முடிவு தெரிந்தே வாங்கினார்கள். என் அத்தை கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துக்கொண்டு, திருப்தியோடு முதல் பக்கத்துக்கு வருவாள்.

(இந்த எழுத்து பெண்ணை எந்தச் சட்டகத்துக்குள் வைத்தது என்ற விமர்சனம் நியாயமானது. தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி அம்பை 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூலைப் படித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முரட்டு நாயகன் அறைந்தால் அதைக் காதலென்று சொல்லும் கதைகள் அன்றும் வந்தன, இன்று இன்னும் அதிகமாக வருகின்றன. என் கவலை இங்கே கதையைப் பற்றியதல்ல, எழுதுகிறவரின் நேரத்தைப் பற்றியது.)

இணையம் வந்து தொடர்கதையை மீட்டுக்கொடுத்தது. இது எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அச்சுப் பத்திரிகைகளில் தொடர்கள் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஈகலப்பையும் அழகியும் கணினியில் தமிழ் தட்டக் கற்றுக்கொடுத்தன. அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கணவருடன் அயல்நாடு போன பெண்கள், சிற்றூர்களில் வீட்டோடு இருந்த பெண்கள் எனப் பலரும் வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயங்களாகக் காதல் கதை எழுதத் தொடங்கினார்கள். 2014இல் பெங்களூரில் பிரதிலிபி தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து சிற்றூர்களிலும் அலைபேசியில் இணையம் மலிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்களை எழுத்தாளர்களே நேரடியாக வெளியிட அமேசான் வழிசெய்தது. பதிப்பாளர் தேவையில்லை, பேருந்து நிலையக் கடையும் தேவையில்லை. இது சாதாரண மாறுதல் அல்ல. நான் சந்தித்த பெண்மணி தன் வங்கிக்கணக்கில் முதன்முறை பணம் விழுந்த நாளை, பிள்ளை பிறந்த நாளைச் சொல்வதுபோலத் தேதியோடு சொன்னார்.

ஆனால் பணம் வரும் முறை எழுத்தின் நீளத்தையும் தொட்டுவிட்டது. கிண்டிலில் மாதச்சந்தா கட்டிப் படிக்கிறவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்பதைக் கணக்கிட்டு எழுத்தாளருக்குப் பணம் தரும் முறை 2015 ஜூலையில் வந்தது. மாத நாவலில் தாளின் விலை கதையைச் சுருக்கியது என்றால், இங்கே பக்கத்தின் விலை கதையை நீட்டுகிறது. நாயகி காபி போட ஒரு பக்கம், அதை நாயகன் குடிக்க இன்னொரு பக்கம். அவர் இதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "காபிக்கு அப்புறம் பஜ்ஜியும் போட்டுருவேன்" என்றார்.

பணத்தைவிட ஆழமான மாற்றம் தாமதம் காணாமற்போனதுதான். விடிகாலையில் எழுதியது ஏழு மணிக்குப் போகிறது. ஏழு ஐந்துக்கு முதல் பதில். "அடுத்த யூடி எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யூடி என்றால் அடுத்த அத்தியாயம். இந்த உலகத்தில் புழங்குகிற சொல், அகராதியில் தேட வேண்டாம். நாயகனுக்கு விபத்து என்று எழுதினால் கெஞ்சல், மிரட்டல், அழும் முகங்கள். இரண்டு நாள் எழுதாவிட்டால் உடம்பு சரியில்லையா என்ற விசாரிப்பு. நான்காம் நாள் கோபம். கதை முடிந்து அத்தியாயங்களை எடுத்துவிட்டுப் புத்தகமாக்குமுன், யாரோ திருடிக் கோப்பாக்கி ஊரெங்கும் அனுப்பிவிடுகிறார்கள். அதைத் துரத்துவது தனி வேலை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். கதை சொல்வது என்பதே ஆதியில் எதிரில் இருப்பவருக்குச் சொல்வதுதானே? கோதைநாயகி குழந்தைகளை முன்னால் உட்காரவைத்தார். பட்டம்மாள் எழுதிக்கொண்டே சிரித்திருப்பார், ஓரிடத்தில் முகம் சுளித்திருப்பார். அதைப் பார்த்துச் சொல்பவர் சொல்லை மாற்றியும் இருப்பார். எங்கள் திண்ணையில் பூக்கட்டியவர்களும் நடுவில் புகுந்து நாயகியைத் திட்டினார்கள். அப்படியானால் இன்றைய உடனடிப் பதில் அந்தப் பழைய திண்ணையின் மறுபிறப்பு அல்லவா? நானும் கொஞ்ச நாள் அப்படி நம்பினேன். ஆனால் திண்ணையில் இருந்தவர்களை எண்ணிவிடலாம். பூ தீர்ந்ததும் எழுந்து போனார்கள். இங்கே பூ தீர்வதில்லை.

2017இல் கூகுள் தமிழில் குரல்வழி எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. பேசினால் எழுத்தாகும். கோதைநாயகிக்குக் கிடைத்த பட்டம்மாள் இனி எல்லோருக்கும், அதுவும் இலவசமாக என்று நான் உற்சாகத்தோடு சொன்னேன். அவர் அதையெல்லாம் எப்போதோ முயன்று பார்த்து விட்டுவிட்டார். முதல் சங்கடம், இயல்பாகப் பேசினால் எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு எட்டவில்லை. ஒன்று சொன்னால் வேறொன்று எழுதியது. சரி என்று கதைத் தமிழிலேயே பேசினார். இரண்டாவது சங்கடம்தான் பெரியது. அடுப்படியில் நின்று, 'உன்னைப் பிரிந்து என்னால் ஒரு கணமும் இருக்க முடியாது' என்று தாழ்ந்த குரலில் அலைபேசியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மாமியார் கேட்டாராம், "யாருட்டட்டி பேசுத?" அன்றோடு சரி. மறுபடி விரலால்தான் தட்டுகிறார். என் அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டது எனக்கு நினைவு வந்தது.

அவரைச் சந்தித்தது ஆடித் தபசு முடிந்த மறுவாரம். ஹரியும் சிவனும் ஒன்றாகத் தோன்றும் காட்சியைக் காண வேண்டி கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்த கதைதான் அந்தத் திருவிழா. அன்று ஊர் கொள்ளாத கூட்டம். கூட்டத்தில் அலைபேசிகளுக்குத் தொடர்பே கிடைக்கவில்லையாம். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, காட்சி கொடுக்கும் நேரத்துக்காகத் தெருவில் மணிக்கணக்காக நின்றிருக்கிறார். அந்த வாரம்தான் அவருடைய கதையில் நாயகி கணவனிடம் திரும்பிப் போவாளா, மாட்டாளா என்று வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போக வேண்டும் என்ற கட்சியே பெரிது.

"நின்னுக்கிட்டே யோசிச்சேன் அண்ணாச்சி. அங்க யாரும் கேக்கல பாத்தீங்களா, தானா வந்துட்டு."

"என்ன வந்தது? போகிறாளா?"

அதைச் சொல்ல மறுத்துவிட்டார். ராத்திரி வீடு திரும்பி, எல்லோரும் படுத்தபின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் பேனாவால் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்திருக்கிறார். நான் பார்த்த அன்று அந்த நோட்டு அரிசிப் பானையின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அலைபேசியில் இன்னும் தட்டவில்லை. எப்போது வெளியிடுவதாக உத்தேசம் என்று கேட்டேன்.

"கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒரு பத்து நாள் கெடக்கட்டும்" என்றார்.